கீழே யாராவது நிற்பார்களா

“நிக்குதுன்னா எப்படி நிக்குது? இருமி இருமி நிக்குதா, சட்டுன்னு நிக்குதா?”

“சட்டுன்னு.”

“கொஞ்சம் திக்கிட்டு, அப்புறமா?”

“திக்கலெல்லாம் இல்லைண்ணே. கத்திட்டு இருக்கிறவன் வாயை யாரோ பொத்தின மாதிரி.”

மெக்கானிக் காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். “அப்ப பெட்ரோல் கோளாறு இல்லை. பெட்ரோல் வரலைன்னா மிஷின் கெஞ்சும். காத்து அடைச்சா மூச்சு வாங்கும். சட்டுன்னு நிக்கணும்னா ஒண்ணே ஒண்ணுதான். யாராவது ஆஃப் பண்ணணும்.”

“யார் பண்ணுவா? என் ரெண்டு கையும் பிடியிலதான் இருக்கு.”

“மூணாவது கை எங்கயாவது வச்சிருக்கீங்களான்னு பாருங்க தம்பி” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அவருடைய பட்டறை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. புல்வெட்டும் மிஷின்களும் மருந்தடிக்கும் பம்புகளும், சொந்தக்காரர் பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டாக்டருக்குக் காத்திருப்பவர்களைப் போலச் சுவரோரம் சாய்ந்திருந்தன. நான் கொண்டுவந்த மரம் அறுக்கும் மிஷின் நடு மேஜையில் கிடந்தது. அதன் ஆரஞ்சு நிறம் வெளுத்துவிட்டது. பிடி மட்டும் பலவருடக் கைப்பழக்கத்தில் கறுத்து மினுமினுத்தது.

“அரைமணி நேரம் ஓட்டினேன். அந்தக் கட்டையைப் பாருங்க, வெள்ளரிக்கா மாதிரி துண்டு துண்டா. ஒருதடவைகூட நிக்கலை. உங்க மேலதான் அதுக்கு ஏதோ கோபம்.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பிடிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன சுவிட்சைத் தொட்டார். மேலே தள்ளினால் ஓடும், கீழே தள்ளினால் நிற்கும். “ஆனா இது என்ன, பாத்தீங்களா?”

சுவிட்சின் நாக்கில் ஒரு துளை இருந்தது. துளைக்குள் பச்சை நிறத்தில் ஏதோ உருகி, ஒரு பாசிமணி அளவுக்கு இறுகியிருந்தது.

“கம்பெனி போட்ட ஓட்டை இல்லை இது. யாரோ ஊசியைச் சூடு பண்ணிக் குத்தியிருக்காங்க. நைலான் கயிறு கட்டி, அப்புறம் அறுத்திருக்காங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. ஓட்டை போட்டதுல சுவிட்ச் லூஸாயிருக்கலாம், மிஷின் ஆடுற ஆட்டத்துல தானா கீழ விழலாம். டேப் சுத்தி ஓட்டிப் பாருங்க. ஆனா டேப் சுத்தினா அவசரத்துக்கு நிறுத்த முடியாது. அதை மறந்துடாதீங்க.”

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். எனக்குத் தெரிந்த மிஷின் ஒரு சின்னச் சக்கரமும் அதன்மேல் சொட்டும் தண்ணீரும்தான். மரம் அறுக்கும் மிஷினைக் கையில் தொடவேண்டிய வாழ்க்கை எனக்கு வாய்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எல்லாம் அந்தக் காற்றால் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அடித்த காற்றில் எங்கள் கொல்லைப்புறத்து மரம் வேரோடு அசைந்து, படுக்கையறைப் பக்கம் சாய்ந்துவிட்டது. விழவில்லை. ஒரு பெரிய கிளை படுக்கையறையின் தகரக் கூரைக்கு மேலே கையை நீட்டியபடி நின்றது. என் மனைவி அப்போது அவள் அப்பா வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்து ஐந்து வாரம். அந்தக் கிளைக்கு நேர் கீழே நான் முன்பே வாங்கிப்போட்ட தொட்டில் இருந்தது.

“அந்த மரம் நிக்கிற வரைக்கும் நான் வரமாட்டேன்” என்று போனில் சொல்லிவிட்டாள்.

“தொட்டிலை முன்னறைக்கு மாத்திடறேன்.”

“தொட்டிலை மாத்துவீங்க. கூரை விழுந்தா வீட்டையா மாத்துவீங்க? அறுத்துட்டுச் சொல்லுங்க. சும்மா முடிஞ்சுதுன்னு சொன்னா ஆகாது, போட்டோ அனுப்பணும். போட்டோவுல வெறும் வானம் தெரியணும்.”

நான் என் குழந்தையை ஒரே ஒருமுறைதான் தூக்கியிருந்தேன். அதுவும் மாமியார் கீழே கையை விரித்துக்கொண்டு நின்ற நிலையில்.

ஊரில் மரம் அறுப்பவர்கள் எல்லோருக்கும் காற்று வேலை கொடுத்திருந்தது. இரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அப்போதுதான் போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். மரம் அறுக்கும் மிஷின், நல்ல நிலையில் உள்ளது, போன் செய்ய வேண்டாம், செய்தி மட்டும் அனுப்பவும் என்று இருந்தது. கீழே ஒரு படம். மிஷினை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து எடுத்திருந்தார்கள்.

விற்றவர் மரக்காரர். வாழ்நாள் முழுக்க மரம் ஏறியவர். நெடிய ஆள், தோள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. வாசல் கேட்டிலேயே நின்று பேசாமல் மிஷினைக் காட்டினார். நான் கேட்டதற்கெல்லாம் என் வாயையே பார்த்தார். கொஞ்சம் திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார். “கீழே யாராவது நிற்பார்களா?”

அவருக்குக் காது கேட்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில், தேவைக்கு மேல் வாயை அகலமாகத் திறந்து, “மச்சான் நிப்பான்” என்றேன். அவர் என் உதட்டசைவைப் படித்துக்கொண்டார். பிறகு மிஷினை என் கைகளில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

மச்சான் என் மனைவியின் தம்பி. உடம்பும் வாயும் பெரிது. முதல்நாள் அவன்தான் துணைக்கு வந்தான். நான் ஏணியில் ஏறி மரம் இரண்டாகப் பிரியும் கவையில் உட்கார்ந்துகொள்வது, கிளையில் கட்டிய வடத்தை அவன் கீழிருந்து பிடித்துக்கொள்வது, அறுந்த கிளை கூரைமேல் சாயாமல் அவன் இழுத்து இறக்குவது என்று திட்டம். படுக்கையறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. ஒரு ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்கலாம். வடத்தைப் பிடிக்க வேறு இடமே கிடையாது.

ஸ்டார்ட் செய்தேன். செயினை மரத்தில் வைத்தேன். தூள் பறந்தது. நின்றுவிட்டது.

“என்ன மாமா, அதுக்குள்ள டீ பிரேக்கா?”

மறுபடி. மறுபடி நின்றது. ஒருமணி நேரத்தில் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் கீழே தள்ளப்பட்டிருந்தது. “உங்க கட்டைவிரல் படுது மாமா. லென்ஸ் தேய்க்கிற விரல், அதுக்கு என்ன தெரியும்” என்றான் மச்சான். நடுவில் அவனுக்கு ஒரு போன் வந்து, வடத்தை மதிலில் சுற்றிவிட்டு வாசல் பக்கம் போனான். அவன் பேசி முடிக்கும்வரை மிஷின் பிசிறில்லாமல் ஓடியது. நான் இரண்டு சின்னக் கிளைகளைக் கழித்துவிட்டேன். “பாருங்க, நான் இல்லைன்னா எல்லாமே ஒழுங்கா நடக்குது” என்று சிரித்துக்கொண்டே அவன் சந்துக்குள் திரும்பினான். மிஷின் நின்றது.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மெக்கானிக் சொன்னபடி கறுப்பு டேப்பை ஏழு சுற்றுச் சுற்றி, சுவிட்சை மேலே பார்த்தபடி இறுக்கினேன். மறுநாள் மதியம் தனியாகத்தான் ஏறினேன். வடம் தேவைப்படாத சின்னக் கிளைகள் நிறைய இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று விழுந்தன. வெயில் நன்றாக அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மனதுக்குள் வெறும் வானத்தைப் போட்டோ எடுக்கத் தொடங்கியிருந்தேன்.

நான்காவது கிளையின் பாதியில் மிஷின் நின்றது.

குனிந்து பார்த்தேன். கீழே யாரும் இல்லை. சுவிட்சைப் பார்த்தேன். ஏழு சுற்று டேப்பும் அறுபடவில்லை. அது முழுவதும் கீழ்நோக்கி நீண்டு, முறுக்கி, ஓரத்தில் வெளுத்திருந்தது. மிஷின் ஆடினால் டேப் தளரும், நழுவும். இது அப்படி இல்லை. யாரோ கீழேயிருந்து ஒரே பக்கமாக, பொறுமையாக இழுத்ததுபோல இருந்தது.

பிறகு சந்தில் சாய்த்து வைத்திருந்த பழைய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை வெளியே வந்தது. நின்று, முதுகை நெளித்து, என்னை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மதிலேறிக் குதித்துப் போனது.

நான் கவையிலேயே உட்கார்ந்திருந்தேன். குழாயடியில் பாத்திரச் சத்தம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு ஆறுதல் இருந்தது.

மச்சானை வரச் சொன்னேன். வடம் வேண்டாம், சும்மா சந்துக்குள் நடந்து வா, வெளியே போ, மறுபடி வா என்றேன்.

“எதுக்கு மாமா? பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?”

“நட, சொல்றேன்.”

அவன் உள்ளே வந்தால் நின்றது. வெளியே போனால் ஓடியது. செயின் மரத்தைக் கடிக்காமல் சும்மா உறுமிக்கொண்டிருக்கும்போது அவன் எங்கே நின்றாலும் அதற்குக் கவலையில்லை. அறுக்கும்போது மட்டும்தான். மூன்றுமுறை செய்துபார்த்தோம். இரண்டாவது முறையே மச்சான் ஜோக்கடிப்பதை நிறுத்திவிட்டான். மூன்றாவது முறை அவன் சந்தின் வாயில் ஒரு காலை மட்டும் நீட்டி வைத்தான். குளத்தில் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று பார்ப்பவனைப்போல. மிஷின் நின்றது.

“மாமா” என்றான், மெதுவாக. “இதை வாங்கின இடத்துலயே கொடுத்துடலாம்.”

அன்று சாயங்காலம் மனைவி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மறுபடி காற்று வரும் என்று செய்தியில் சொன்னார்களாம். “ஞாயித்துக்கிழமை அப்பா வண்டியில வரலாம்னு இருக்கோம். இல்லைன்னா இன்னும் ஒரு மாசம் தள்ளும். என்னாச்சு?” பின்னணியில் குழந்தை ஒரு சின்னச் சத்தம் போட்டது, கதவு கிறீச்சிடுவதுபோல. “நடந்துட்டு இருக்கு” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் லீவு சொல்லிவிட்டு மரக்காரர் வீட்டுக்குப் போனேன். மச்சான் வரவில்லை. அவனுக்குத் திடீரென்று முதுகு வலி வந்துவிட்டது.

கதவைத் திறந்தது அவருடைய அக்கா. முன்னறை முழுக்கத் திரைத்துணிகள் மலைமலையாகக் கிடந்தன. ஓரம் அடித்துக்கொடுப்பது அவருக்குத் தொழில். தையல் மிஷினைச் சுற்றி உட்கார இடம் தேடினேன்.

“மிஷின் விஷயமா? இருங்க தம்பி, கூப்பிடறேன்” என்று தரையில் இரண்டுமுறை காலை உதைத்தார். உள்ளறையிலிருந்து மரக்காரர் வந்தார். அதிர்வு அவர் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

மிஷினைத் திரைத்துணிகளுக்கு நடுவே வைத்தேன். அக்கா நான் சொல்லச் சொல்லக் கையால் அவருக்குச் சொன்னார். அந்தக் கைகள் வேகமானவை. ஊசியில் நூல் கோர்ப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையையும் கோர்த்தன.

“எட்டு வயசுல காய்ச்சல் வந்து காது போச்சு. பேச வரும், ஆனா பேச மாட்டான். தன் குரல் எப்படி இருக்குன்னு தெரியாம எதுக்குப் பேசணும்பான்.” பிறகு தம்பியின் கைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “பணத்தைத் திருப்பித் தந்துடறேன்றான். மிஷின்ல பழுது இல்லை, ஆனா உங்க மனசுல சந்தேகம் வந்தா வச்சுக்க வேண்டாம்னு சொல்றான்.”

நியாயமான மனிதர். அந்த இடத்தில் நான் வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். ஆனால் நான் சின்ன வயதிலிருந்தே ஒரு கதையைப் பாதியில் மூடிவைக்கத் தெரியாதவன்.

“அக்கா, இன்னொண்ணும் சொல்லுங்க. சும்மா நிக்கலை அது. கீழ யாராவது வந்தா மட்டும்தான் நிக்குது. ஒரு பூனை வந்தாகூட.”

அக்காவின் கைகள் மேலெழுந்தன. அப்படியே காற்றில் நின்றன. பிறகு மடியில் இறங்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

மரக்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். என்ன என்பதுபோல மோவாயை உயர்த்தினார். அக்கா எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டியபடி நூல்கண்டுப் பெட்டியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். உதடு அவருக்குத் தெரியக்கூடாது என்று எனக்குப் புரிந்தது.

“நான் சொல்றதை முகத்துல காட்டிக்காதீங்க தம்பி” என்றார், சாதாரணக் குரலில். “அவனும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்துதான் வேலைக்குப் போவாங்க. அவன் மேல, அவ கீழ. இவனுக்குத்தான் காது கேக்காதே, கீழேருந்து கத்தி என்ன பிரயோஜனம்? அதனால அந்த சுவிட்சுல ஒரு நீளக் கயிறு கட்டி, நுனியை அவ கையில வச்சிருப்பா. கீழ யாராவது வந்தா இழுப்பா. மிஷின் நின்னுடும். இருபது வருஷம் அப்படித்தான்.”

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பச்சைக் கயிற்றுச் சுருள் தொங்குவதை அப்போதுதான் கவனித்தேன். அதன் நுனியில் விரல்கள் பட்டுப்பட்டு வழுவழுப்பாகிவிட்ட ஒரு மரக்கட்டை இருந்தது.

“அவ எல்லாத்துக்கும் இழுப்பா. ஆள் வந்தா மட்டும் இல்லை. பூனை, கோழி, காத்துல பறக்கிற காகிதம். இவன் மேலேருந்து கோபத்துல கையை ஆட்டுவான், அவ கீழேருந்து சிரிப்பா. போன வருஷம் ஒருநாள் காலையில சண்டை. ஒரு மரத்துக்கு மூணு நாள் ஆகுது உன்னாலன்னு சொல்லிக் கயித்தை அறுத்து எறிஞ்சுட்டுப் போனான். அவளும் கூடவேதான் போனா.” நூல்கண்டு ஒன்றை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார். “அன்னைக்கும் ஒரு பூனை வந்திருக்கு. இழுக்கக் கயிறு இல்லை. விரட்ட அவளே மரத்தடிக்கு ஓடியிருக்கா. கத்தியிருப்பா. தெருவுக்கே கேட்டிருக்கும். பூனை தப்பிச்சுடுச்சு.”

தையல் மிஷினின் சக்கரத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. நான் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க முயன்றேன். முகம் என் சொல்லைக் கேட்கவில்லை.

“அப்புறம் அவன் ஒரு மரமும் ஏறலை. இந்த மிஷினை ஸ்டார்ட் பண்ணினது உங்களுக்குக் காட்டத்தான். பணத்தை வாங்கிக்கிட்டுப் போயிடுங்க தம்பி.”

மரக்காரர் மேஜையில் உள்ளங்கையால் ஒரு அடி அடித்தார். நோட்டை எடுத்து எழுதி, அக்காவிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினார். “எதற்காக நின்றது?”

நான் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஸ்பார்க் பிளக் கோளாறு என்று எழுதியிருக்கலாம். ஆனால் அவர் ஏற்கெனவே சுவிட்சின்மேல் குனிந்திருந்தார். கீழ்நோக்கி நீண்டு வெளுத்த அந்த டேப்பின்மேல் கட்டைவிரலை வைத்து, இழுப்பு வந்த திசையில் மெதுவாகத் தடவினார். பிறகு ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னை.

நான் ஒரு வார்த்தைதான் எழுதினேன். பூனை.

அவர் அதை நீண்டநேரம் படித்தார். இரண்டே எழுத்து. கண்ணாடி மாற்றவேண்டிய வயதில் இருப்பவர்கள் கடையில் அட்டையின் கடைசி வரியைப் படிப்பதுபோல, தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்துப் படித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுதினார். “ஞாயிறு காலை நானே வந்து அறுத்துத் தருகிறேன். கீழே யாரும் வேண்டாம்.”

“வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றார் அக்கா, நோட்டை எட்டிப் பார்த்து, இந்தமுறை தம்பி பார்க்கிறார் என்பதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல். “தம்பி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். வேற ஆளைப் பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு அவர் வந்துவிட்டார், தனியாக. தோளில் மிஷின், இடுப்பில் நோட்டு. சட்டை சலவை மடிப்போடு இருந்தது. மரத்தை மூன்றுமுறை சுற்றிவந்தார். பட்டையில் காதை வைத்தார். எதைக் கேட்டாரோ. மச்சானை நானே வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். முதுகுவலி சரியாகவில்லை என்று அவனும் சொல்லியிருந்தான்.

வேலை தெரிந்த ஒரு ஆள் வேலை செய்வதைப் பார்ப்பது எவ்வளவு நிம்மதி! ஏறுவதற்கு முன்னால் அவர் தன் செருப்பு ஒன்றைக் கழற்றிக் கொல்லையில் ஒரு இடத்தில் வைத்தார். இரண்டடி தள்ளிவைத்தார். பிறகு ஏறி அறுத்தார். கிளை காற்றில் அரைவட்டம் சுற்றி வந்து, அந்தச் செருப்பின்மேல் விழுந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் மேலேயிருந்து என் முகத்தைப் பார்த்து, லேசாகத் தலையசைத்தார். ஒவ்வொரு கிளைக்கும் அப்படித்தான். இறங்குவார், செருப்பை வைப்பார், ஏறுவார். ஒன்றுகூடத் தவறவில்லை. நான் கொல்லைக் கதவுக்குள்ளேயே நின்றிருந்தேன். மிஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு மனைவியிடமிருந்து செய்தி வந்தது. “கிளம்பிட்டோம். குழந்தை தூங்குறா. வெறும் வானம் ரெடியா?”

கூரைக்கு மேல் நீண்ட அந்தப் பெரிய கிளை மட்டும்தான் மிச்சம். அவர் அதன் கீழ்ப்புறத்தில் ஒரு வெட்டும் மேல்புறத்தில் ஒரு வெட்டும் போட்டார். கூரைப்பக்கம் போகாமல் நேராகச் சந்துக்குள் இறங்கும்படியான வெட்டு என்று கையால் காட்டினார். கிளை முனகியது. பிறகு மிஷினைக் கவையிலேயே மாட்டிவிட்டு இறங்கி வந்தார். நெற்றியைத் துடைத்தார். எழுதினார். “மிச்சம் நான்கு விரல் கனம்தான். நீங்கள் அறுங்கள்.”

தோள் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை, கடைசி வெட்டை வீட்டுக்காரனுக்கு விட்டுக்கொடுக்கிறாரோ, மனைவியிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று. எனக்கு அவர்மேல் பிரியமே வந்தது. ஏணியில் ஏறினேன். கவையில் உட்கார்ந்து, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்தேன். மிஷின் என் கைகளில் உறுமியது. சுவிட்சைப் பார்த்தேன். டேப் இல்லை. துளையில் இருந்த பச்சை மணியைச் சுரண்டி எடுத்திருந்தார். துளை சுத்தமாக, ஒரு கயிறு நுழையும்படி திறந்திருந்தது. கயிறு இல்லை.

செயினை வெட்டுக்குள் இறக்கப் போனவன், செருப்பு எங்கே வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்காகக் கீழே குனிந்தேன்.

அவர் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தார். தோளை ஒடுக்கிக்கொண்டு, மெதுவாக. ஒரு இடத்தில் நின்று அண்ணாந்து கிளையை அளந்தார். அரையடி முன்னால் வந்தார். இந்தமுறை இரண்டு செருப்பையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், வாசலில் விடுவதுபோல நேராக. பிறகு திரும்பி, அவற்றுக்குள் காலை நுழைத்து நின்றுகொண்டார்.

நான் கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்று உடனே நினைவு வந்தது. தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளையைக்கூடப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த சுவிட்சை மட்டும் பார்த்தார். மிஷின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. மரத்தைக் கடிக்காதவரைக்கும் அது எதையும் சொல்லாது.

தூரத்தில், தெருமுனையில், மாமனாரின் வண்டி ஹாரன் அடித்தது. எனக்கு அந்த ஹாரன் தெரியும். நான்கு விரல் கனம். கிளை மறுபடி முனகியது.

அப்போது அவர் பேசினார். ஒரு மனிதன் எட்டு வயதில் வைத்துவிட்டுப் போன குரல் அது. அளவு தெரியாமல், மிஷின் சத்தத்துக்கு மேலே, கொல்லை முழுக்கக் கேட்கும்படி வந்தது.

“அவ எனக்கும் இழுக்கிறாளான்னு பாக்கணும். அறுங்க தம்பி. ஒரே ஒரு தடவை.”